கடைசி இழுப்பைப் பிள்ளைக்கு விடுங்க

வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். பிள்ளை அப்போதுதான் டவுசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். "விடுல, நான் போட்டுவிடுதேன், நேரமாச்சு" என்று ஆச்சி வாங்கி மாட்டிவிடுவாள். பாளையங்கோட்டையானாலும் அம்பாசமுத்திரமானாலும் காலையில் இதுதான் கதை. ஆச்சி மேல் தப்பில்லை, அந்த அவசரத்தில் பிள்ளையைத் தன் வேலையைத் தானே செய்ய யாராலும் பழக்க முடியாது. பழக்குவதைச் சாயங்காலக் குளியலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். டவுசரில் இரண்டு காலையும் நீங்களே நுழைத்து, தொடைவரை ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். இரண்டு, இரண்டரை வயதிலேயே இது வரும். வேலையை முடிப்பது அதன் கையாக இருப்பதால் மறுநாள் தானாகவே ஓடிவரும். அது சுளுவானதும் முழங்கால்வரை மட்டும் ஏற்றிவிடுங்கள், பிறகு கணுக்கால்வரை.

பெரும்பாலும் சிக்குவது பின்பக்கம்தான். பிள்ளை இரண்டு கையாலும் முன்பக்கத்தையே பிடித்து இழுக்கும், பின்னால் எலாஸ்டிக் குண்டியில் மாட்டி நிற்கும். ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், கட்டைவிரல் டவுசருக்கு உள்ளே என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் எத்தனை நாள் பழக்கினாலும் வராது. நின்றுகொண்டு கால் நுழைக்கவும் சொல்லாதீர்கள். ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம் வர நான்கு வயதாகும். பாதம் தரையில் படுகிற உயரத்தில் வாசற்படியில் உட்கார வையுங்கள்.

சட்டைப் பட்டனைக் கீழிருந்து மேலே போடப் பழக்குங்கள். கழுத்துப் பட்டன் பிள்ளையின் கண்ணுக்கே தெரியாது. அடிப்பட்டன் தெரியும், அதோடு இரண்டு ஓரமும் சமமாக நிற்பதால் ஒரு பட்டன் தள்ளிப் போடுகிற கோளாறும் வராது. புதுச் சட்டையின் காஜா இறுக்கமாக இருக்கும், இரண்டு மூன்று தடவை நீங்கள் போட்டுக் கழற்றி இளக்கிக் கொடுங்கள்.

சோறு சாப்பிடுவதில் குழம்பின் பதம் முக்கியம். தேங்காய்ப்பால் குழம்பான சொதியை ஓட ஓட ஊற்றினால் விரலிடுக்கில் வழிந்து மடியில்தான் விழும். சோற்றைக் குழையப் பிசைந்து, பாசிப்பருப்பு கெட்டியாகச் சேரும்படி வையுங்கள். முருங்கைக்காயை எடுத்துவிடுங்கள். தட்டையான தட்டில் சோறு நழுவிக்கொண்டே போகும், விளிம்பு உயர்ந்த கும்பாவில் பக்கச்சுவரோடு அணைத்து அள்ளலாம். அடியில் ஈரத்துணி விரித்தால் கும்பா நகராது. அள்ளிய சோற்றைக் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதுதான் கடைசியாகப் பிடிபடும். சிந்தினால் திட்ட வேண்டாம்.

பல் தேய்க்க மூன்று வயதுக்குள் அரிசியளவு பேஸ்ட், பிறகு பட்டாணியளவு. பிள்ளை தேய்த்தபின் நீங்களும் ஒருதரம் தேய்த்துவிடுங்கள், ஏழு வயதுவரைக்கும்.

கக்கூஸ் பழக்கத்துக்கு நம்ம ஊரில் சித்திரை, வைகாசிதான் தோது. நனைந்த ஜட்டி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் தொடங்கினால் மாற்றுத்துணிக்கே திண்டாட்டம். தரைக் கக்கூஸின் மிதிகள் பெரியவர்கள் காலுக்கு அகலம் வைத்தவை. பிள்ளைக்குக் கால் எட்டாது, விழுந்துவிடுவோம் என்று பயப்படும், பயத்தில் அடக்கும், அடக்கினால் மலம் இறுகும். கையைப் பிடித்துக்கொண்டு எதிரே நில்லுங்கள். பெண்பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னால் கழுவச் சொல்லிக்கொடுங்கள், மாறிச் செய்தால் மூத்திரத் தொற்று வரலாம். சரியாகக் கழுவ நான்கைந்து வயதாகும். ராத்திரி படுக்கை நனைவது அந்த வயதிலும் உண்டு, அதற்காகக் கண்டிக்காதீர்கள்.

குளிக்கப் பெரிய செம்பு கொடுத்தால் தூக்க முடியாமல் தோளோடு சாய்த்துவிடும். கால் லிட்டர் பிடிக்கிற கப்பு போதும். வாளியில் பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றி, வெந்நீரை அப்புறம் விளாவுங்கள். வெந்நீர் முதலில் இருந்தால் நீங்கள் திரும்புவதற்குள் பிள்ளை கையை விட்டுவிடும். குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், அரை வாளித் தண்ணீரிலும் சின்னப்பிள்ளை தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. தாமிரபரணிப் படித்துறையில் மட்டும் "நானே குளிப்பேன்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் இருக்கிற படி பாசி பிடித்து வழுக்கும். அங்கே பிள்ளையின் ஒரு கை உங்கள் கைக்குள்ளேயே இருக்கட்டும்.