எந்த மாரியம்மாள்?

2013 டிசம்பர் 16 அன்று சென்னை கிரீம்ஸ் ரோடு தபால் நிலையம், எந்த ஆபீஸிலிருந்தும் கணக்கைப் பார்க்கக்கூடிய கோர் பேங்கிங் முறைக்கு மாறியது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. அந்தச் சேதி வந்த நேரம், தெற்கே ஒரு துணை அஞ்சலகத்தில் நான் கிழிந்த லெட்ஜர் பைண்டருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். "நம்ம பக்கம் வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்றார் எங்கள் போஸ்ட்மாஸ்டர். அவர் ரிட்டயர் ஆவதற்குள் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் எங்களுக்குப் புதிதல்ல. சஞ்சய் போஸ்ட் மென்பொருளில் ஏற்கெனவே வரவு செலவு போட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தந்த ஆபீஸ் கணக்கு அந்தந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும். பக்கத்து ஊர் பாஸ்புக்கை நீட்டினால் கையை விரிப்போம். 2012இல் ஒப்புதலான 4,909 கோடி ரூபாய்த் திட்டம் அதை மாற்றத்தான் வந்தது. சுமார் 25,000 தபால் துறை அலுவலகங்கள், அவற்றின் கீழே 1.29 லட்சம் கிளை அஞ்சலகங்கள், எல்லாவற்றையும் ஒரே வலையில் கோப்பது.

அதற்கெல்லாம் முந்தைய காலத்தில் மார்ச் முடிந்தால் வட்டிக் காலம். மாதம் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் எது குறைந்த இருப்போ, அதற்குத்தான் வட்டி. பன்னிரண்டு மாதத்துக்கும் கண்ணாலேயே பார்த்து, கூட்டி, பெருக்கி, சிவப்பு மையில் எழுத வேண்டும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் அதை வெற்றிலை மென்றபடியே செய்வார். எனக்குக் கடைசிவரை கால்குலேட்டர்தான்.

மாறும் நாளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். உண்மையில் நாங்கள் செத்தது அதற்கு முந்தைய மாதங்களில். பெயர், விலாசம், இருப்பு, நாமினி, மாதிரிக் கையெழுத்து என ஒவ்வொரு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். கவுன்டரை மூடியதும் இரண்டு பேர் உட்காருவோம். ஒருவர் லெட்ஜரைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் திரையைப் பார்த்துச் 'சரி' சொல்வார். நாற்பது கணக்கு தாண்டினால் வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிடும். 'சரி' சொல்கிறவர் தூக்கத்தில் சொல்கிறாரா என்று பார்க்க, நடுவில் வேண்டுமென்றே ஒரு இருப்பைத் தப்பாக வாசிப்போம். பலமுறை அதற்கும் 'சரி' வந்திருக்கிறது.

லெட்ஜர் ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருந்தன. 'கிணத்து வீடு.' 'டெய்லர் சம்சாரம்.' 'இடது கண் பார்வை இல்லை.' எல்லாம் அந்தச் சீனியரின் கையெழுத்து. இவற்றை ஏற்றத் திரையில் கட்டம் எதுவும் கிடையாது. எங்கள் ஊரிலோ தெருவுக்கு இரண்டு மாரியம்மாள். பழைய விண்ணப்பங்களில் பிறந்த தேதி இருக்காது, 'வயது 45' என்று மட்டும் இருக்கும். புது முறையில் ஆளுக்கு ஒரு வாடிக்கையாளர் எண். ஒருவருடைய எல்லாக் கணக்கும் அதன் கீழ் வர வேண்டும். மேலத்தெருவில் ஒரே இனிஷியலில் இருந்த இரண்டு பேரை ஒரே ஆளாகச் சேர்த்துவிட்டது நான்தான். பென்சில் குறிப்பு இருந்தது. பார்க்கவில்லை.

கணக்கு மாறிய இரண்டாவது மாதம் வெளியே தெரிந்தது. மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் போட்டிருந்த பணத்தின் வட்டி, இன்னொருவரின் சேமிப்புக் கணக்கில் போய் விழுந்துகொண்டிருந்தது. வட்டி வராதவர் சத்தம் போடுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் வரவே இல்லை. வந்தது மற்றவர். "தம்பி, பொஸ்தகத்துல எனக்குத் தெரியாத காசு நிக்குது. யாரு காசுன்னு பாரு" என்று பாஸ்புக்கை கவுன்டரில் வைத்தார். எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டு பேரையும் பிரித்து, பணத்தை உரியவர் கணக்குக்கு மாற்ற மேலே எழுதிப் போட்டு, ஒப்புதல் வர மூன்று வாரம். பழைய லெட்ஜராக இருந்தால் சிவப்பு மையில் அடித்துச் சுருக்கொப்பம் போட்டால் முடிந்திருக்கும் என்று அன்று தோன்றியது. இந்தச் சுலபத்தை வைத்துத்தான் பாஸ்புக்கில் ஏறி, லெட்ஜரில் ஏறாமல் இடையிலேயே காணாமல் போகும் பணம் என்கிற வியாதியும் அந்தக் காலத்தில் இருந்தது. அதனால் பழசுக்காக நான் அழமாட்டேன்.

கிளை அஞ்சலகங்களுக்கு 2017 டிசம்பரில் தொடங்கிய தர்பண் திட்டத்தில் கையடக்கக் கருவி வந்தது. அதுவரை வட்டி பதிய வேண்டிய பாஸ்புக்குகள் தபால் பையில் எங்களிடம் வந்து, திரும்பிப் போக நாள் கணக்காகும். இப்போது பணம் கட்டியவுடன் சீட்டு வந்துவிடுகிறது. ஆனால் அதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். கிராமத்துப் பெண்களுக்கு அது தெரியும். "மெஷின்ல வந்தது இருக்கட்டும், பொஸ்தகத்துல எழுதி முத்திரை குத்து" என்பார்கள். அங்கிருந்த போஸ்ட்மாஸ்டர் அம்மா குத்தியும் கொடுப்பார்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு பக்கம் வாடிக்கையாளர் எண், எதிரே 'கிணத்து வீடு', 'ஆட்டுக்காரர் வீடு'. மாற்றலாகிப் போகும்போது அடுத்து வந்த பையனிடம் கொடுத்தேன். எல்லாம்தான் சிஸ்டத்தில் இருக்கிறதே என்று சிரித்தபடி வாங்கி டிராயரில் போட்டான்.

போன மாதம் போன் பண்ணினான். "சார், ஆட்டுக்காரர் வீடுன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கீங்க. எந்த ஆட்டுக்காரர்?"