அந்த அரியரை எழுதி முடித்த கதை

மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது வெப்ப இயக்கவியலில் எனக்கு அரியர். மற்ற ஐந்து தாளும் பாஸ். படிக்காமல் போய் எழுதியிருந்தால் மனது ஆறியிருக்கும். ஆனால் நான் அதிக நேரம் உட்கார்ந்ததே அந்தப் பாடத்துக்குத்தான். ஒவ்வொரு யூனிட்டையும் மூன்று முறை வாசித்தேன், மஞ்சள் மையில் கோடு போட்டேன், தேர்வுக்கு முந்தைய இரவு நான்கு மணி வரை விழித்திருந்தேன். தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும், அது புத்தகத்தில் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது வரை ஞாபகம் வந்தது. விடை மட்டும் வரவில்லை.

வீட்டில் சொல்ல மூன்று நாள் ஆனது. அம்மா ஃபோனில், "சரி, அடுத்த தடவை எழுதிக்கலாம். நீ ஒழுங்கா தூங்குறியா?" என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

அடுத்த செமஸ்டரில் ஆறு தாளோடு இதுவும் சேர்ந்து ஏழு. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பக்கத்து அறை சீனியர் அக்காவிடம் போனேன். "கார்னோ இயந்திரம் தெரியுமா?" என்று கேட்டார். வெப்பத்தை வேலையாக மாற்றும் ஒரு கற்பனை இயந்திரம் அது. தெரியும் என்றேன். "அப்ப புத்தகத்த மூடிட்டு இந்தத் தாள்ல எழுது பார்ப்போம்."

படம் வரைந்தேன். நான்கு கட்டங்களுக்கும் பெயர் எழுதினேன். கடைசியில் வரும் பயனுறுதிறன் சூத்திரமும் எழுதிவிட்டேன்: ஒன்றிலிருந்து, குளிர்ந்த பக்கத்து வெப்பநிலையைச் சூடான பக்கத்து வெப்பநிலையால் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். படத்துக்கும் சூத்திரத்துக்கும் நடுவில் அரைப் பக்கம் காலியாக இருந்தது. உள்ளே வரும் வெப்பத்துக்கான சூத்திரத்திலும் வெளியே போகும் வெப்பத்துக்கான சூத்திரத்திலும் கன அளவு விகிதத்தின் மடக்கை (log) இருக்கிறது. கடைசிச் சூத்திரத்தில் அது இல்லை. எங்கே போனது? "இந்த நடுவுல இருக்கறதுதான் பாடம்" என்றார் அக்கா.

பிறகு இருவருமாக உட்கார்ந்து போட்டோம். வெப்பப் பரிமாற்றமில்லாத இரண்டு கட்டங்களும் அதே இரண்டு வெப்பநிலைகளுக்கு நடுவில்தான் நடக்கின்றன. அதனால் இரண்டு கன அளவு விகிதங்களும் சமமாகிவிடுகின்றன, மடக்கைகள் அடிபட்டுப் போகின்றன. அந்த வரி என் புத்தகத்தில் இருந்தது. அதற்கு நான் மஞ்சள் கோடும் போட்டிருந்தேன்! மூன்று முறை என் கண் அதைக் கடந்து போயிருக்கிறது. வாசிக்க வாசிக்கப் பழகிப்போவதைத்தான் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் குறை இல்லை என்று பிறகு தெரிந்தது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே இன்னொரு முறை படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதியவர்களுக்கு 56. புத்தகத்தை மூடிய கையோடு எல்லாம் தெரிந்ததுபோல் இருந்ததும், தேர்வு அறையில் ஒன்றும் வராமல் போனதும் ஏன் என்று அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து அரியர் பாடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வெள்ளைத்தாள். ஒரு தலைப்பு, புத்தகம் மூடியிருக்க வேண்டும், தெரிந்ததையெல்லாம் கருப்பு மையில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். முதல் வாரம் தாள்கள் முழுக்கச் சிவப்பு. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அதே தலைப்பை மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை எழுதினேன். எபிங்காஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்ட கணக்குப்படி, மறதி முதல் ஒரு மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது. நாள் போகப் போக வேகம் குறைகிறது. அதனால் முதல் மறுபார்வையை மட்டும் நான் தள்ளிப்போடவே இல்லை.

எல்லாமே கைகொடுத்தது என்று சொல்ல மாட்டேன். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு சூத்திரத்தைப் படிப்படியாக வருவிக்கும் நடுவில் மணி அடித்தால் நூல் அறுந்துபோகும். ஐம்பது நிமிடமாக்கிக்கொண்டேன். மனப்பாடத்துக்கு உரிய தாள்களுக்கு 25 சரியாகத்தான் இருந்தது.

படிப்பைவிட அன்றாடம்தான் அதிகம் படுத்தியது. லேப் ரெக்கார்டு எழுதி முடிப்பதற்குள் இன்டர்னல் தேர்வு வரும். இன்டர்னல் முடிவதற்குள் துணி மலையாகக் குவிந்துவிடும். நான் கறாராகப் பிடித்துக்கொண்டவை இரண்டே: மூன்று வேளைச் சாப்பாடு, இரவு பன்னிரண்டுக்குள் தூக்கம். பகலில் படித்தது தூக்கத்தில்தான் மூளையில் நிலைக்கிறது என்கிறார்கள். எனக்கோ அதைவிட நேரடியான காரணம் இருந்தது. தூங்காத மறுநாள் ஒரு பத்தியை நான்கு முறை வாசிக்க வேண்டியிருந்தது. அறைத்தோழி இரண்டு மணி வரை படிப்பாள். அவளைப் பார்த்துக் குற்ற உணர்வோடு படுத்த இரவுகள் பல. ஆனாலும் படுத்தேன்.

தேர்வன்று அறை வாசலில் கூட்டமாக நின்று கடைசி நேரத்தில் கேள்வி கேட்டுக்கொள்பவர்களிடமிருந்து தள்ளிப் போய் நின்றேன். கார்னோ பற்றிக் கேள்வி வரவில்லை. என்ட்ரோபி கேள்வி ஒன்றில் நடுவழியில் நின்றுபோனேன். கை குளிர்ந்துவிட்டது. ஆறு வரி இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது விட்ட படி தானாக வந்தது. வெள்ளைத்தாளில் இப்படி எத்தனையோ முறை நின்று, பிறகு தொடர்ந்திருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் அன்று கைகொடுத்தது.

அரியரில் 64 வாங்கினேன். மற்ற ஆறில் ஒன்று நினைத்ததைவிடப் பத்து மதிப்பெண் குறைவு. அதற்கு நான் தாள் எழுதிப் பழகவில்லை, நேரம் போதவில்லை. இந்த செமஸ்டரில் அதன் தொடர்ச்சிப் பாடம் இருக்கிறது. நேற்று முதல் தலைப்பை எழுதினேன். பாதிக்கு மேல் சிவப்புதான்.