கதவுக்கு நேரே நிற்காதீர்கள்

சிங்கப்பூரில் ஏழு வருடமாக மளிகைச் சாமான் வேனில் வேலை பார்க்கிறேன். விடிவதற்கு முன்பே பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வெங்காயம், உருளைக்கிழங்கு ஏற்றி, எங்கள் கிடங்கில் அரிசியும் எண்ணெய் டின்னும் சேர்த்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளுக்கும், அப்புறம் வீவக எனும் அரசு அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் மாமாக் கடைகளுக்கும், அதாவது சின்னப் பெட்டிக்கடைகளுக்கும், இறக்குவோம். புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: முட்டியை மடக்கித் தூக்கு, மூட்டையை நெஞ்சோடு அணை, இடுப்பைத் திருப்பாதே. சரியான பேச்சுதான். ஆனால் எனக்கு அடிபட்டது மூட்டையைத் தூக்கியபோது அல்ல, பின்கதவைத் திறந்தபோது.

2021 தீபாவளிக்கு முந்திய வாரம். பஃபலோ ரோட்டில் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவழியாக ஓர் இடம் பிடித்ததும், பின்னால் ஹாரன் சத்தம் கேட்கக் கேட்க ஓடிப்போய் இரண்டு கதவையும் ஒரே இழுப்பில் திறந்தேன். மேலே இருந்த எண்ணெய் டின் சரிந்தது. யோசிக்கவே இல்லை, கை தானாக நீண்டுவிட்டது. டின்னுக்கும் பம்பர் விளிம்புக்கும் நடுவில் விரல் மாட்டி, மோதிரவிரல் நுனி எலும்பு விண்டுபோனது. டின் கொஞ்சம் நசுங்கியதோடு சரி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதற்காகவா கையை நீட்டினேன் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வெகுநேரம் நினைத்தேன்.

காலையில் நேராக அடுக்கியது நேராகவே வந்து சேராது. பிரேக் போட்டால் சாமான் முன்னால் நகரும், கார்ப்பார்க் சரிவில் ஏறினால் பின்னால் சாயும், வேகத்தடை ஒவ்வொன்றும் கொஞ்சம் குலுக்கிவிடும். வண்டி நிற்கும்போது மேலடுக்கு கதவின் மேல் சாய்ந்திருக்கலாம். கதவைத் திறந்தால் அதைத் தாங்க ஒன்றுமில்லை, நம் முகத்தைத் தவிர.

இப்போது எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வைத்த பிறகுதான் பின்னால் போகிறேன். முதலில் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பேன். வழக்கமாக லேசாகத் திரும்பும் கைப்பிடி இறுகியிருந்தால், உள்ளே ஏதோ கதவைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அப்போது பின்கதவை விட்டுவிட்டு, நடைபாதைப் பக்கம் உள்ள பக்கக் கதவைத் திறந்து மேலடுக்கை அங்கிருந்தே இறக்கிவிடுவேன். இறுக்கம் இல்லையென்றாலும் ஒரு கதவை மட்டும் ஒரு சாண் திறந்து, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எட்டிப் பார்ப்பேன். பட்டை போட்டுக் கட்டியிருந்தால், சாமான் பட்டையின் மேல் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவிழ்க்க மாட்டேன்.

ஏற்றும்போதே கடைசிக் கடையின் சாமானை உள்ளே போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் நடுவிலிருந்து மூட்டையை உருவ வேண்டிவரும், மேலே இருப்பது சும்மா இருக்குமா? நவம்பர், டிசம்பர் மழையில் பிளாஸ்டிக் சாக்கு ஈரமானால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், 25 கிலோவை ஒருவர் தனியாக வாங்கவே கூடாது. வேனிலிருந்து குதிப்பதையும் விட்டுவிட்டேன், வண்டியைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.

வேலையில் அடிபட்டால், 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி மருத்துவ விடுப்புக்கு மட்டுமல்லாமல், லைட் டியூட்டி நாட்களுக்கும், அதாவது டாக்டர் லேசான வேலை மட்டும் செய்யச் சொல்லும் நாட்களுக்கும், இழப்பீடு உண்டு. நிறைய தம்பிகளுக்கு இது தெரியாது, அதனால் காயத்தை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடிபட்ட அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த தம்பி, நான் சொல்லிக்கொடுத்தபடி கதவைத் திறக்கும்போது ஊறுகாய்ப் பெட்டி ஒன்று நழுவியது. அவன் கை பாதிவரை போய்விட்டு நின்றது. பெட்டி தரையில் விழுந்து எல்லாப் பாட்டிலும் உடைந்தது. "அண்ணே, முதலாளி சம்பளத்தில் பிடிப்பாரா?" என்றான், முகம் வெளுத்துவிட்டது. "நான் பேசிக்கொள்கிறேன், நீ விளக்குமாறு வாங்கி வா" என்றேன். எலுமிச்சை ஊறுகாய் வாடை சாயங்காலம் வரை வேனில் இருந்தது.