ரிலீவர் எப்போது என்று கேட்காத நாற்பது நாள்

கப்பலில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. பதவிதான் பெயர். நான் செகண்ட் இன்ஜினியர் என்பதால் எல்லோருக்கும் ‘செகண்ட்’. எனக்கு மேலே சீஃப், டெக் ஆட்களுக்குத் தலைவர் போசன், எல்லோருக்கும் மேலே கேப்டன். 2020 ஜூனில் நான் ஏறிய அந்த பல்க் கேரியரில், அதாவது சரக்கை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பலில், மொத்தம் 21 பேர். ஆறு மாதக் காண்ட்ராக்ட். டிசம்பரில் ரிலீவர், அதாவது எனக்குப் பதிலாக வேலை பார்க்க வருகிறவர், ஏறியதும் நான் இறங்கியிருக்க வேண்டும். 2021 பிப்ரவரியிலும் அதே கேபினில்தான் இருந்தேன்.

காரணம் தெரிந்ததுதான், கொரோனா. துறைமுகங்கள் ஆளை இறங்க விடவில்லை. விமானம் இருந்தால் விசா இல்லை, விசா இருந்தால் விமானம் இல்லை. காண்ட்ராக்ட் முடிந்தும் கப்பலிலேயே மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 4,00,000 பேர் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு அப்போது கணக்குச் சொன்னது. எங்களை அத்தியாவசியப் பணியாளர்களாக நடத்தும்படி டிசம்பர் 1ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. அதை அச்சடித்து மெஸ் சுவரில் ஒட்டினோம். கொஞ்ச நாள் பார்த்தோம், அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

வெளியே இருப்பவர்கள் தனிமை என்றால் ஆளில்லாத அறையை நினைக்கிறார்கள். எங்கள் தனிமை வேறு மாதிரி. அதே இருபது முகங்கள், அதே மேசை, அதே பேச்சு. ஒருவர் எப்படி இருமுவார் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் பேச ஒன்றும் மிச்சமில்லை. யாராவது மனதில் இருப்பதைச் சொன்னால்கூட அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது.

இதைவிடக் கஷ்டம் கணக்கு. கப்பல்காரன் எப்போதும் நாளை எண்ணுகிறவன். இறங்க இத்தனை நாள் என்று எண்ணித்தான் வாழ்க்கை ஓடும். அந்த வருடம் எண்ணிக்கையே கெட்டுப்போனது. அடுத்த துறைமுகத்தில் என்பார்கள். அங்கே போனால் அதற்கும் அடுத்ததில். வீட்டில் மகள் காலண்டரில் வட்டம் போட்ட தேதி மூன்று முறை கடந்து போனதும், இனி தேதி சொல்லாதீர்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

இந்த நிலையில்தான் பிப்ரவரி 17, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது.

எங்களில் ஒன்பது பேர் கத்தோலிக்கர், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள். போசன் 2020 மார்ச் தொடக்கத்திலேயே ஏறியவர். தொடர்ந்து 11 மாதத்துக்கு மேல் ஒருவரைக் கப்பலில் வைத்திருக்கக்கூடாது என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் கணக்கு. அவர் அதையும் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருடைய பைபிளுக்குள் சிலுவையாக மடித்த ஒரு குருத்தோலை இருந்தது. 2019 குருத்து ஞாயிறு அன்று கிடைத்தது. பழைய குருத்தோலையை எரித்துத்தான் திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் எடுப்பது வழக்கம். அவர் அதை ஒரு காலி டின்னில் போட்டு, புகைபிடிக்க அனுமதித்த இடத்தில் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று எரித்தார். ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை.

குருவானவர் மந்திரிக்காத சாம்பல். அது எங்களுக்குத் தெரியும். யாரும் அதைத் திருப்பலிக்கு ஈடாக நினைக்கவில்லை. அந்த வருடம் நெற்றியைத் தொட வேண்டாம், குரு முகக்கவசம் அணிந்து மௌனமாகத் தலைமேல் தூவினால் போதும் என்று ஜனவரியிலேயே வத்திக்கான் சொல்லியிருந்தது. நாங்களோ மாதக்கணக்கில் வெளியாள் யாரையும் தொடாதவர்கள். போசன் கட்டைவிரலால் என் நெற்றியில் கோடு போட்டபோது ஒன்று உறைத்தது. ஒரு மனிதர் என் முகத்தைத் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்ற அந்த வார்த்தையை வருடா வருடம் கேட்டிருக்கிறேன். மண்ணையே மிதிக்காமல் எட்டு மாதம் இருந்துவிட்டுக் கேட்டபோது, திரும்புவாய் என்ற சொல்தான் காதில் நின்றது.

அன்று இரவு மெஸ்ஸில் நோன்பு பற்றிப் பேச்சு வந்தது. ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு என்று இருப்பது, இன்ஜின் ரூம் சூட்டில் முடியாது. பம்ப் அருகில் ஒருவன் மயங்கி விழுந்தால் அது எல்லோருக்கும் ஆபத்து. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லாத சுத்தபோசனம், அது சரி, குக்கிடம் சொன்னால் ஆயிற்று. வேறு எதை விடுவது? “நிலம் போச்சு, வீடு போச்சு, இன்னும் எதைத்தான் விட?” என்று இன்ஜின் ரூம் தொழிலாளியான ஒரு இளம் ஆயிலர் கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கும் அதே கோபம் இருந்தது. நம்மிடமிருந்து பிடுங்கியதை நாமே விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டினி வேறு, நோன்பு வேறு. கையில் இருப்பதை விட்டால்தான் நோன்பு.

போசன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ரிலீவர் எப்போது என்று கேப்டனிடம் கேட்பதை விடுவோம்.”

எங்களிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். காலையில் கேப்டனைப் பார்த்தால் குட் மார்னிங்குக்கு அடுத்த வாக்கியம் அதுதான். ஒரு நாளைக்கு இருபது முறை அந்த மனிதர் காதில் அது விழுந்தது. அவருக்கும் காண்ட்ராக்ட் முடிந்திருந்தது. அவர் யாரிடம் கேட்பார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவக்காலக் கணக்கில் வராது, அன்றைக்கு மட்டும் கேட்கலாமா என்று ஃபிட்டர் சட்டம் பேசினார். போசன் ஒப்பவில்லை. ஒன்பது பேரும் கை தூக்கினோம்.

முதல் வாரம் நிஜமாகவே சிரமம். மாடிப்படியில் கேப்டன் எதிரே வரும்போது வாய் வரைக்கும் வந்துவிடும். பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. கேட்பதற்காகவே காலையில் எழுந்த ஒருவன் எனக்குள் இருந்திருக்கிறான். அவன் மெல்ல ஓய்ந்தான். அதற்குப் பதில் வேறொரு எண்ணிக்கை வந்து உட்கார்ந்தது. புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள், ஞாயிறு ஆறைக் கழித்தால் 40. இந்தக் கணக்கை எந்த ஏஜெண்டும் தள்ளிப்போட முடியாது. ஈஸ்டர் ஏப்ரல் 4 என்றால் ஏப்ரல் 4. எட்டு மாதத்தில் எனக்கு யாரும் சொன்ன தேதிகளில் வாக்குத் தவறாத தேதி அது ஒன்றுதான். அதன்மேல் எவ்வளவு சாய்ந்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

குவாரன்டைன் என்ற சொல்லிலேயே நாற்பது இருக்கிறது. கொள்ளைநோய்க்குப் பயந்து, இன்று டுப்ரோவ்னிக் என்று சொல்கிற ரகூசா நகரம் 1377இல் வெளியிலிருந்து வருகிறவர்களை 30 நாள் தள்ளி நிறுத்தியது. பிறகு அது 40 ஆனது. வெனிஸில் கப்பல்கள் அப்படித்தான் காத்திருந்தன. இத்தாலிய மொழியில் தவக்காலத்தின் பெயரும் அதே நாற்பதிலிருந்து வந்ததுதான். நங்கூரத்தில் கிடந்த அந்தக் காலத்து மாலுமிகள் இரண்டு நாற்பதையும் ஒரே விரலில் எண்ணியிருப்பார்களோ என்று வாட்ச் நேரத்தில் யோசித்துக்கொண்டிருப்பேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கு முக்கியமானது.

சீஃப் உக்ரைன்காரர், ஆர்த்தடாக்ஸ் சபை. ஜனவரியில் ஒரு ஜெனரேட்டர் ஓவர்ஹாலில் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. தப்பான ஸ்பேர் வந்திருந்தது. யார் ஆர்டர் போட்டது என்பதில் தகராறு. ஆயிலர்கள் முன்னால் அவர் என்னைக் கத்தினார். நானும் சொல்லக்கூடாத ஒன்றைத் திருப்பிச் சொன்னேன். அதிலிருந்து இரண்டு மாதம் நாங்கள் பேசியது வெப்பநிலையும் அழுத்தமும் மட்டும்தான். கரையில் என்றால் வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம். இங்கே அவர் கேபினுக்கும் என் கேபினுக்கும் நடுவில் ஒரு சுவர்.

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. கன்ட்ரோல் ரூமில் லாக் எழுதிக்கொண்டிருந்தேன். சீஃப் வந்தார். காதிலிருந்த மஃப்பைக் கழற்றினார், என் முன் நின்று தலை குனிந்தார். “செகண்ட், உன்னிடம் நான் செய்த தவறுகளையெல்லாம் மன்னித்துவிடு.”

எனக்கு நாக்கு எழவில்லை. பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். பரவாயில்லை என்று நான் நினைக்கவே இல்லை. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். அன்று தங்களுக்கு மன்னிப்பு ஞாயிறு, மறுநாள் தங்கள் தவக்காலம் தொடங்குகிறது என்றார். அவர்கள் ஈஸ்டர் அந்த வருடம் மே 2. அப்புறம் பொறுமையாக, புதிதாக வந்த கேடட்டுக்கு வால்வைக் காட்டுகிற மாதிரி, சொல்லிக்கொடுத்தார். “இதற்கு ஒரு பதில் இருக்கிறது. கடவுள் மன்னிக்கிறார், நானும் மன்னிக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டும். பிறகு நீ என்னிடம் கேட்க வேண்டும். நானும் அதையே சொல்வேன்.”

சொன்னேன். கேட்டேன். அவரும் சொன்னார். மொத்தம் ஒரு நிமிடம். ஜெனரேட்டர் சத்தம் அப்படியே இருந்தது.

சடங்கு என்றால் மனம் இல்லாத வெறும் வார்த்தை என்று நான் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். உள்ளத்திலிருந்து வந்தால்தான் மன்னிப்பு, எழுதி வைத்ததைச் சொன்னால் என்ன மன்னிப்பு என்று. அன்று எனக்கு உள்ளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று காத்திருந்தால் இன்னும் நாலு மாதம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். யாரோ எப்போதோ செய்துவைத்த இரண்டு வாக்கியம் எங்கள் இருவரையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது. மனம் மெதுவாக, ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. நெடுநாள் அடைபட்டுக் கிடக்கிறவர்களுக்குச் சொந்தமாகச் சொல் கண்டுபிடிக்கத் தெம்பு இருக்காது. அவர்களுக்குக் கேள்வியோடு பதிலும் சேர்ந்தே வருகிற ஒன்று வேண்டும்.

மார்ச் 23ஆம் தேதி எவர் கிவன் என்ற சுமார் 400 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே தரைதட்டியது. நாங்கள் தெற்குப் பக்கம், சூயஸ் வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். கண்ணுக்கு எட்டிய தூரம் கப்பல்கள். ஆட்கள்தான் முடங்கிக் கிடந்தோம், இப்போது கப்பல்களும்.

26ஆம் தேதி வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் போசன் சிலுவைப்பாதைக்குக் கூப்பிட்டார். எங்கள் கப்பலில் ஏழு ஹாட்ச், அதாவது டெக்கில் சரக்கு அறைகளின் மூடிகள். ஒரு பக்கம் ஏழு, மறு பக்கம் ஏழு, பதினான்கு ஸ்தலம். அதை அவர் சொன்னபோது சிலிர்த்துவிட்டது. அத்தனை மாதம் அந்த டெக்கில் நடந்திருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. எருசலேமுக்குப் போக முடியாதவர்கள், இயேசு சிலுவை சுமந்து போன வழியை இருக்கிற இடத்திலேயே நடக்க உண்டானதுதான் சிலுவைப்பாதை. 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட்தான் ஸ்தலங்களைப் பதினான்கு என்று உறுதிப்படுத்தினார். போக முடியாதவர்களுக்கான பக்தி என்றால், அது எங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

பின்னாலிருந்து தொடங்கி முன்பக்கம் நோக்கி நடந்தோம். உப்பும் துருவும் படிந்த இரும்புத் தகட்டில் முட்டி போட்டோம். ஏழாம் ஸ்தலம், இயேசு இரண்டாம் முறை விழுகிற இடம், சரியாக முன்கோடியில் இருக்கும் முதல் ஹாட்ச் அருகே வந்தது. அங்கே திரும்பி, அடுத்த பக்கத்தில் எட்டாம் ஸ்தலம். அழுகிற பெண்களுக்கு அவர் ஆறுதல் சொல்கிற இடம். இரண்டு முறை விழுந்தவர் இன்னொருவரைத் தேற்றுகிறார். அங்கே அந்த இளம் ஆயிலர் அழுதுவிட்டான். ஃபிட்டர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு மிச்ச ஆறையும் நடந்தார்.

29ஆம் தேதி, புனித வாரத் திங்களன்று, எவர் கிவன் மிதந்தது. எங்கள் முறை பெரிய வெள்ளி அன்று வந்தது. கால்வாய்க்குள் போகும்போது இன்ஜின் ரூமில் ஆள் இருந்தே ஆக வேண்டும். அன்று எனக்கு ஆராதனை இல்லை, பத்து நிமிடம் மட்டும் மேலே வந்தேன். வலது பக்கம் சீனாய். மணல், மணல், அதற்கு மேல் வெளுத்த வானம். பைபிளில் நாற்பது வருடம் ஒரு சனம் அலைந்த பாலைவனத்தை நான் பார்த்தது அந்தப் பத்து நிமிடம்தான். கீழே போய் மறுபடி கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஈஸ்டர் அன்று மத்தியதரைக் கடலில் இருந்தோம். மெஸ்ஸுக்குக் கேப்டன் வந்தார். அவர் எங்கள் மதத்தவர் இல்லை. வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார், உடனே எழவில்லை. “ஒன்றரை மாதமாக ரிலீவரைப் பற்றி நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் எங்கேயோ புகார் எழுதிவிட்டீர்களோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்” என்றார். எங்கள் மௌனம் அவருக்கு இப்படி ஒரு பாரமாகும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான். போசன் விஷயத்தைச் சொன்னார். கேப்டன் ரொம்ப நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், ஒவ்வொரு இரவும் படுக்குமுன் 21 பேர் பெயரையும் எழுதி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுவதாகச் சொன்னார். பதவியை அல்ல, பெயரை. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நாளில் அதை அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.

ஏப்ரல் கடைசி வாரத்தில் போசனும் நானும் ஒரே நாளில் இறங்கினோம். அவருக்கு அது பதினான்காவது மாதம். சீஃப் இறங்கவில்லை. எனக்கு ஒரு ஹோட்டல் அறையில் 14 நாள் தனிமை. கதவைத் தட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே நிஜமாகவே ஆளில்லை.

மே 2 காலையில் சீஃபுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். இறங்குவதற்கு முன் அவர் சொல்லிக்கொடுத்திருந்தது: கிறிஸ்து உயிர்த்தார். கப்பல் எங்கோ நடுக்கடலில் இருந்திருக்கும், மூன்று நாள் ஒரே ஒரு டிக்தான். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால் காத்திருப்பது சிரமமாக இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் வந்தது.

மெய்யாகவே உயிர்த்தார், செகண்ட்.