யாருக்கு, என்ன, எங்கே: பப்மெட்டில் தேடிய அனுபவம்

பெங்களூரு கார்மென்ட் தொழிற்சாலைகளில் நாள் முழுக்கத் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்களின் முதுகுவலிதான் என் முதுநிலைச் செவிலியர் படிப்பின் ஆய்வுப் பொருள். பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவிலேயே பல அக்காக்களுக்கு அந்த வேலைதான். அவர்களைச் சந்திக்கும் முன், இதுவரை வந்த ஆய்வுகளைப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேட வேண்டியிருந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் அதில் இருக்கின்றன.

எங்கள் நூலகர் கோலார் தங்கவயல்காரர். கணினியைத் திறக்கும் முன்பே, “கேள்வியை மூன்றாக உடைத்து எழுதம்மா: யாருக்கு, என்ன, எங்கே” என்று ஒரு தாளை நீட்டினார். ‘யாருக்கு’ என்பதன் கீழேதான் தாள் நிறைந்தது. இங்கே டெய்லர் என்கிறோம். கட்டுரைகளில் ‘கார்மென்ட் வொர்க்கர்ஸ்’ என்றும் ‘சூயிங் மெஷின் ஆபரேட்டர்ஸ்’ என்றும் வருகிறது. ‘எங்கே’ என்பதிலும் இரண்டு பெயர்கள் வேண்டும். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் மாறியது 2014 நவம்பர் 1 அன்று; அதற்கு முந்தைய கட்டுரைகளில் பேங்களூர்தான்.

ஒரே பொருளுக்கான சொற்களை ‘ஆர்’ (ஏதாவது ஒன்று வந்தால் போதும்) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்து, மூன்று அடைப்புகளையும் ‘ஆண்ட்’ (எல்லாம் வர வேண்டும்) போட்டு இணைத்தேன். பப்மெட் இடமிருந்து வலமாகவே படிக்கும். அடைப்புக்குறி விடுபட்டால் கேள்வியே வேறாகிவிடும். சொல்லின் எல்லா வடிவங்களையும் பிடிக்க நட்சத்திரக் குறி உண்டு. ஆனால் டெய்லருக்குப் பின் அதைப் போட்டால் ‘டெய்லர்ட்’ என்ற சொல்லும் சேர்ந்து வரும். நோயாளிக்கேற்ப வடிவமைத்த சிகிச்சைகள் பற்றிய கட்டுரைகள் குவிந்துவிடும். அதனால் டெய்லரையும் டெய்லர்ஸையும் தனித்தனியாகவே எழுதினேன்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது மெஷ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்து வரும் பொருள்தலைப்புப் பட்டியல் அது. பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் பக்கத்தில் கீழே இருக்கும் மெஷ் தலைப்புகளைக் கட்டாயம் பாருங்கள். ‘டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரி’ என்ற தலைப்பை அப்படித்தான் என் தேடலில் சேர்த்துக்கொண்டேன். எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு இருக்காது என்பதால் சாதாரணச் சொற்களையும் விட்டுவிடக் கூடாது.

ஆண்களை விலக்க ‘நாட்’ (இது வரக் கூடாது) போடலாமா என்று தோழி கேட்டாள். வேண்டவே வேண்டாம்! ஆண், பெண் இருவரையும் ஆராய்ந்த கட்டுரைகளும் அதோடு போய்விடும்; நமக்கு வேண்டிய பெண்கள் அவற்றிலும் இருக்கிறார்கள். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் தனியாக இருக்கிறது. இந்த வாரம் அங்கே தேடுகிறேன்.