கொட்டலசு கெடுத்த செய்முறைத் தேர்வு

விலங்கியல் செய்முறைத் தேர்வு முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன். இது இரண்டாம் முறை என்பதால் இனிப்பு வாங்க மனம் வரவில்லை.

மேசைக்கு ஒரு உயிர்; அதன் பெயரும் தொகுதியும், அதாவது விலங்குலகில் அது சேரும் பெரும்பிரிவும், எழுத வேண்டும். போன முறை என்னைக் கவிழ்த்தது மூன்றாவது மேசை. ஒரு கல்லில் வெள்ளை வெள்ளையாகக் குட்டி எரிமலைகள். வள்ளத்தின் அடியில் ஒட்டும் கொட்டலசு என்ற கடற்பிராணியைச் சுரண்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெயர் உடனே வந்துவிட்டது. சுண்ணாம்பு ஓடு, பாறையில் ஒட்டு, வேறென்ன யோசிக்க? தொகுதி: மெல்லுடலிகள் (நத்தை, சிப்பி கூட்டம்) என்று எழுதிவிட்டு மணிக்குக் காத்திருந்தேன். வெளியே வந்து கேட்டபோதுதான் அது இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி, கணுக்காலி என்று தெரிந்தது. 1830இல் இயற்கையியலாளர் வாகன் தாம்சன் அதன் இளம்பருவத்தைக் கவனித்துச் சொல்லும்வரை பெரிய விலங்கியலாளர்களே அதை மெல்லுடலிகளோடுதான் வைத்திருந்தார்கள். ஆறுதல்தான், மதிப்பெண் கிடைக்காது.

படத்தை மனப்பாடம் செய்ததுதான் என் பிழை. பிறகு கொட்டலசு ஒட்டிய கல்லொன்றைக் கடல்நீரோடு கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உச்சிக் கதவு பிளந்தது. இறகு போன்ற கால்கள் வெளியே வந்து நீரை வாரி உள்ளே இழுத்தன. என் கை நிழல் விழுந்ததும் படக்கென்று மூடிக்கொண்டது. தலையால் ஒட்டிக்கொண்டு காலால் உண்ணும் பிராணி. கணுக்கள் உள்ள ஆறு இணைக் கால்களைப் பார்த்தவன் அதைச் சிப்பியோடு சேர்க்கவே மாட்டான்.

கூட்டுப் படிப்பு வேண்டாம். நால்வர் சேர்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு சினிமாவுக்குப் போய்விடும்.

மற்றவை:

- வலம்புரிச் சங்கு: விலங்கியல் கணக்கில் இது இடச்சுழி. கூர்நுனியை மேலே வைத்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். வாய் இடப்பக்கம் இருக்கும். ஊர்ப் பெயரை நம்பி வலச்சுழி என்று எழுதியவர்கள் எங்கள் வகுப்பில் ஏழு பேர்.
- கைட்டான் (பாறையில் ஒட்டும் மெல்லுடலி): முதுகில் எட்டுத் தகடுகள். எண்ணுங்கள்.
- லிங்குலா: இரண்டு ஓடு இருந்தாலும் சிப்பி அல்ல, பிராக்கியோபோடா என்ற வேறு தொகுதி. ஓடுகள் முதுகுப்புறமும் வயிற்றுப்புறமும். சிப்பிக்கு இடமும் வலமும்.
- ஆளி என்ற சிப்பி இடது ஓட்டால் பாறையில் ஒட்டிவிடும். முத்துச் சிப்பி நார்க்கற்றையால் பற்றிக்கொள்ளும்.

இந்த முறை ஐந்தாவது மேசையில் லெப்பாஸ், தண்டுள்ள கொட்டலசு வகை. சதைத் தண்டின் நுனியில் பளபளவென்று ஓடு, பார்வைக்கு அசல் சிப்பி. பெயருக்கு இடம் விட்டு முதலில் தொகுதியை எழுதினேன்.