டிகிரி கேட்கமாட்டார்கள், லொக் புக்கைக் கேட்பார்கள்

கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்தில் பறக்கப் பழக வருகிற பிள்ளைகளின் பெற்றோர் முதலில் கேட்பது "டிகிரி முடிச்சிட்டு வரணுமா?" என்றுதான். வணிக விமானி உரிமத்துக்குப் பட்டம் தேவையில்லை. 18 வயது, முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சைகள், லொக் புக் என்கிற பறப்புப் பதிவேட்டில் எழுதிய மணித்தியாலங்கள், கடைசியில் பறப்புச் சோதனை. ஆனால் சாதாரண தரக் கணிதம் கைவசம் இருக்கவேண்டும். 60 கடல் மைல் போனபின் 1 மைல் விலகியிருந்தால் பிழை 1 பாகை. இதை கொக்பிட்டில் இருந்தபடி மனக்கணக்காகப் போடவேண்டும். ஆங்கிலத்தில் சர்வதேச அளவுகோலின் 4ஆம் நிலையாவது வேண்டும். அந்த நிலையில் நின்றால் 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் சோதிப்பார்கள்.

மருத்துவச் சோதனைக்கு முன்னர் பறப்புப் பள்ளிக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள். கண்ணாடி போடுவது தடையில்லை. போட்டபடி ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிந்தால் சரி. மாணவர்கள் மாட்டிக்கொள்வது நிறக்குருட்டில்தான். சிவப்பு, பச்சைப் புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டையைப் பார்க்கும்வரை பலருக்குத் தங்கள் குறை தெரியாது. முன்பணம் கட்டியபின் அது தெரியவந்தால் குடும்பமே நொறுங்கிப்போகும். தெருமுனைக் கண் டொக்டரிடமே இதை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மணித்தியாலம். சர்வதேச விதிப்படி 200. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பாடநெறியில் படித்தால் 150. மொத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர்கள் உள்கணக்கில் விழுகிறார்கள். 200இல் 100 மணித்தியாலம் விமானத்தின் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்கவேண்டும், பாடநெறியில் என்றால் 70. பயிற்றுநர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுத்த நேரம் அதில் சேராது. அதே பொறுப்பில் 20 மணித்தியாலம் தூரப் பறப்பு, அதைத் தவிர 10 மணித்தியாலம் கருவிப் பயிற்சி, அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி. இந்தப் பத்தில் தரையிலுள்ள பயிற்சிக் கருவியில் செய்வது 5ஐத் தாண்டக்கூடாது.

தூரப் பறப்பில் ஒன்று 540 கிலோமீட்டருக்கு, அதாவது 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று புறப்பட்டதாக இருக்கவேண்டும். சக்கரம் தொட்டதும் கிளம்பிவிட்டால் கணக்கில் வராது. நம் தீவு சின்னது என்பதால் இங்கே கவனம் வேண்டும். இரத்மலானை, மட்டக்களப்பு, மத்தல, இரத்மலானை என்று முக்கோணம் போட்டால் பெரிதாகத் தெரியும், நேர்கோட்டில் அளந்தால் 290 கடல் மைலை ஒட்டித்தான் நிற்கும். பலாலி, மட்டக்களப்பு வழியாகத் திரும்பினால் 450 கடல் மைல் தாண்டும்.

காலநிலையும் திட்டத்தைக் குழப்பும். இரத்மலானை ஓடுபாதை 04/22, அதாவது வடகிழக்கு-தென்மேற்காக ஓடுவது என்பதால் தென்மேற்குக் காற்று ஏறத்தாழ நேரே முகத்தில் வரும். மே முதல் செப்டெம்பர்வரை தொந்தரவு தருவது தாழ்ந்த மேகமும் மழையும்தான். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அந்த மாதங்களில் காலை நேரத்தைப் பிடியுங்கள்.

லொக் புக்கில் அதிகம் நடக்கும் பிழை தசமம். விமானத்தின் நேர மீட்டர் 1.3 காட்டினால் அது 1 மணி 18 நிமிடம். 1:30 என்று எழுதினால் 12 நிமிடம் கூடிவிடும். ஐந்து பறப்பில் ஒரு மணித்தியாலம் பொய்யாகச் சேர்ந்துவிடும், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது பக்கக் கூட்டுத்தொகைகளும் ஒத்துவராது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பயிற்றுநரின் கையொப்பத்தை வாங்கி, படமும் எடுத்துவையுங்கள். அவர் வேலை மாறிப் போனபின் தேடுவது பெரும்பாடு.

குறைந்தபட்ச மணித்தியாலம் தேவையா என்றால், கட்டாயம் தேவை. ஆனால் எண்ணைக் கூட்டினால் மட்டும் பாதுகாப்பு வராது. 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த சட்டத்தால் அமெரிக்கா 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணித்தியாலம் கேட்கிறது; அங்கீகரித்த விமானத்துறை இளமாணிப் பட்டம் இருந்தால் 1000. ஆனால் விழுந்த விமானத்தின் விமானிகள் இருவருமே 1500ஐத் தாண்டியவர்கள். ஸ்டோல், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்குவதாக எச்சரிக்கை வந்தபோது கப்டன் மூக்கைத் தாழ்த்தவில்லை, கட்டுப்பாட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஆகவே நிலையத்தைச் சுற்றிச் சுற்றி மணித்தியாலம் நிரப்பவேண்டாம். ஸ்டோல் மீட்பு, குறுக்குக் காற்று, தெரியாத நிலையங்கள் என்று கேட்டு வாங்கிப் பறவுங்கள்.

உரிமம் கிடைத்ததும் வேலை வரிசையில் நிற்காது. கருவித் தகுதிக்கு 40 மணித்தியாலக் கருவி நேரமும் 50 மணித்தியாலப் பொறுப்புத் தூரப் பறப்பும் வேண்டும். மருத்துவச் சான்றிதழ் 12 மாதத்தில் முடியும். வெளிவாரிப் பட்டம் படிக்க நினைப்பவர்கள் அதை இந்த இடைவெளியில் தொடங்கலாம். எழுத்துப் பரீட்சை நடக்கும் மாதங்களில் இரண்டையும் சேர்த்து இழுத்தவர்களில் பலர் இரண்டிலும் பின்தங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன்.